அக்காவின் முகத்துக்கு மூணு பாயிண்ட்

1

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கதவில் இருக்கிற தபால் ஓட்டை வழியாக நானே உள்ளே வந்து விழுந்தேன்.

வழவழ தாளில் மடித்த நோட்டீஸ். எங்கள் வட்டாரத்துக்கு கவுன்சிலர் தேர்தல் வருகிறது. நிற்கிறவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மா. நீலக் கோட்டு, முத்துத் தோடு, நல்ல சிரிப்பு. பூங்காவில் பத்துப் பேரோடு நிற்கிறார். பக்கத்தில் ஒரு நாய்கூட இருக்கிறது. முன்வரிசையில், அந்த அம்மாவின் தோளை ஒட்டி, வாயைப் பாதி திறந்தபடி நான்.

எப்படி அங்கே போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் நடுவில் ஒரு சின்ன ஊரில் நான் பார்சல் வண்டி ஓட்டுகிறேன். ஒரு மாதத்துக்கு முன்னால் அந்தப் பூங்கா ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாரோ வந்து படம் எடுக்கலாமா என்றார்கள். தப்பான இடத்தில் வண்டியை நிறுத்தியதற்குச் சாட்சியாக்கும் என்று பயந்து, சரி என்றேன். கடைசி வரிசையில் போய் நின்றேன். பள்ளிக்கூடத்தில் பழகிய இடம். குரூப் போட்டோ எடுக்கும்போது எங்கள் வாத்தியார், "டேய் ஏழுமல, நீ பின்னால போடா, போட்டோ இருட்டாயிடும்" என்பார். இங்கே கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார்கள். என் அழகுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. நோட்டீசை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்பா, எல்லா கலர்லயும் ஆளுங்க இருக்காங்கன்னு காட்டணும்ல? அந்த பிரவுன் நீதான்."

"அப்ப என் பர்சனாலிட்டி?"

"ஷர்ட் நல்லா இருக்குப்பா."

இந்திய பாஸ்போர்ட் என்றாலும் இந்த ஊர்த் தேர்தலில் எனக்கும் ஓட்டு உண்டு. எப்படியோ, அது அந்த அம்மாவுக்குத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். நம் படத்தை நாமே தோற்கடிக்க முடியுமா.

மறுநாள் இன்னொரு வேட்பாளர் கதவைத் தட்டினார். ஜோசப் என்று பேர். ஆப்பிரிக்க வம்சாவளி. உயரமான, நல்ல கருப்பான மனிதர். இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறார். கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் அந்த இடுக்கு வழியாகவே அவர் தாளை வாங்கிக்கொண்டேன். அவர் ஏதோ சொன்னார். நான் நாலு தடவை தேங்க்யூ சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

யாழினி மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இவருக்கு ஏன்பா ஓட்டு இல்ல?"

"அந்தம்மாவப் பார்த்தாலே கவுன்சிலர் மாதிரி இருக்குதும்மா."

"இவரைப் பார்த்தா?"

"இவரப் பார்த்தா பஸ் டிரைவர் மாதிரி இருக்குது."

"அவரு யூனிஃபார்ம்லகூட வரலையேப்பா."

சாதம் வெந்துவிட்டதா என்று பார்க்கச் சமையலறைக்குப் போனேன். அன்றைக்கு சாதமே வைக்கவில்லை.

அந்த வார்த்தையை எங்கே கேட்டேன் என்று அங்கே நின்றபோதுதான் நினைவு வந்தது. 'பார்த்தாலே கவுன்சிலர் மாதிரி இருக்குது.' காஞ்சிபுரத்தில், எங்கள் தெருவில், என் அக்காவை வைத்துக்கொண்டே, அக்காவை எதிர்த்து நின்ற அம்மாவைப் பற்றி ஒரு பெண் சொன்னது. அன்றைக்கு அந்தப் பெண்ணை நான் மனசுக்குள் எப்படியெல்லாம் திட்டினேன் என்பதை அச்சில் எழுத முடியாது.

2

அக்காவின் கதைக்குப் போவதற்கு முன்னால் என் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் படித்தது ஏழாவது வரை. அதிலும் ஏழாவதை நன்றாகப் புரிந்துகொள்ள இரண்டு தடவை படித்தேன். அப்புறம் பட்டுக்குச் சாயம் போடுகிற பட்டறையில் வேலை. என் மனைவி மலர் நர்ஸ். அவள் வேலைக்கு விசா கொடுத்தார்கள். அவளோடு வந்த சாமான்களில் நானும் ஒன்று.

வந்த புதிதில் இங்குள்ள டாக்டர் ஆபீசில் பேர் பதிய ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் உங்கள் இனம் என்ன என்று கட்டங்கள். வெள்ளை, கருப்பு, ஆசியர், கலப்பு, மற்றவை. மற்ற கேள்விக்கெல்லாம் மலரைக் கேட்டேன். இதற்கு எதற்கு அவளைக் கேட்க வேண்டும். பிறந்த நாளிலிருந்து ஊரே எனக்குச் சொல்லிக்கொடுத்த விடை. கருப்பு என்ற கட்டத்தில் அழுத்தி டிக் அடித்தேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படிவத்தைப் பார்த்தாள். நிச்சயமாகவா என்று மெதுவாகக் கேட்டாள். நம்பவில்லையோ என்று சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக் காட்டினேன். பின்னால் நின்ற மலர் என் இடுப்பில் கிள்ளி, "இது வேற கருப்புங்க, நீங்க ஆசியா" என்றாள். முப்பது வருஷம் கருப்பாக இருந்துவிட்டு ஒரே நிமிஷத்தில் ஒரு கண்டத்தையே தூக்கித் தலையில் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். அப்படியேதான் இருந்தேன்.

சாயப் பட்டறையில் வேலை செய்தவன் என்பதால் எனக்கு ஒரு விஷயம் மட்டும் புரிவதில்லை. பட்டு நூலில் சிவப்பு என்றால் எங்கள் ஊரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எந்தச் சிவப்பு என்பார்கள். அரக்கா, மாதுளையா, குங்குமமா, வெங்காயத் தோலா. சாயத்தில் ஒரு முழுக்கு கூடினாலும் புடவைக்காரர் நூலைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவ்வளவு கண் இருக்கிற ஊரில் மனுஷனுக்கு மட்டும் இரண்டே கலர். சேப்பு, கருப்பு. இதற்கு நடுவில் மாநிறம் என்று ஒன்றைக் கல்யாணத் தரகர்கள் கண்டுபிடித்தார்கள். அதுவும் கருப்புதான், தரகர் வாயில் மட்டும் மாநிறம்.

என் அக்கா சரசு மாநிறம்கூட இல்லை. எட்டு வரன் தட்டிப்போய் ஒன்பதாவதாக வந்தவர்தான் எங்கள் மாமா. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவன் நான்.

3

அக்கா ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் தறி சத்தம் இல்லை. அதுவே ஆச்சரியம்.

"டேய், எலக்சன்ல நிக்கப் போறேன்டா."

"எங்க?"

"எங்கியா? நம்ம வார்டுலதான். லேடீஸ் வார்டு ஆக்கிட்டாங்க."

எங்கள் தெருவில் எல்லாம் குழித்தறி. தறிக்கு முன்னால் தரையில் ஒரு குழி. அதில் காலை விட்டு உட்கார்ந்துதான் மிதிக்க வேண்டும். கால்வாய் சரியில்லாததால் மழை பெய்தால் தெருத் தண்ணீர் நேராகத் தறிக்குழிக்கு வந்துவிடும். அந்த வருஷ மழையில் அக்கா மூன்று நாள் முழங்கால் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு ஒரு முகூர்த்தப் புடவையை முடித்திருக்கிறாள். "ஒரு தவளை வந்து மிதிகட்டை மேல குந்திக்கினு எறங்கவே மாட்டேங்குதுடா. கூலி கேக்கும் போலக்கீது" என்றாள். சிரித்தாள். ஆனால் அப்புறம் காலைக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெளுத்து ஊறிப் பிய்ந்திருந்தது.

"எத்தினி மனு குடுக்கறது. இனிமே நானே உள்ள போயி குந்தறேன். கால்வா வந்தாவணும். அதுக்கு நான் ஜெயிச்சாவணும். நீ வா."

இங்கே லீவு போட்டு ஊருக்குப் போனேன். சுயேச்சை வேட்பாளர், சின்னம் தண்ணீர்க் குழாய். மாமா தறியில் இருந்தார். பக்கத்து வீட்டு பத்மா, வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம், அக்காவின் கூட்டாளி, ஓட்டு கேட்கக் கூடவே வருவதாகச் சொல்லியிருந்தாள். எனக்கு அக்கா கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. பேனர் அடித்து வருவது.

எதிர்த்து நின்றவர் ஒரு ஜவுளிக் கடைக்காரர் மனைவி. அவர் பேனர் ஏற்கெனவே முக்குக்கு முக்கு நின்றது. பசும்பாலில் கொஞ்சம் மஞ்சள் தூவிய மாதிரி முகம். அதன் கீழே நின்றுதான் அந்தப் பெண், பால் பாக்கெட் போடுகிறவள், அக்காவிடமே சொன்னாள்: "தப்பா நெனைக்காத சரசு. அந்தம்மாவப் பார்த்தாலே கவுன்சிலர் மாதிரி இருக்குது. உன்னப் பார்த்தா எங்க வீட்டு ஆளு மாதிரி இருக்குது. எங்க வீட்டு ஆளுக்கு எவ ஓட்டு போடுவா?"

அந்தக் கோபத்தோடுதான் பேனர் கடைக்குப் போனேன். டிசைன் போடுகிற இம்ரான் அக்காவின் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். எலியைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தான்.

"எவ்ளோ ஏத்தட்டும்ணா?"

"எதை?"

"கலரு. எல்லாருக்கும் ஒரு பாயிண்ட் ஏத்துவோம். வட்டச் செயலாளருன்னா ரெண்டு."

"எதிர்ப்பார்ட்டிக்கு எவ்ளோ ஏத்தின?"

"அவங்களுக்கு ஒண்ணுதான். அவங்க ஏற்கெனவே ரெண்டுல இருக்காங்க."

கணக்குப் போட்டேன். ஏழாவது இரண்டு தடவை படித்த கணக்கு. "மூணு ஏத்து" என்றேன்.

"மூணு தாங்காதுணா."

"அக்காவுக்காக செய்யறேன்பா. ஏத்து."

ஏற்றினான். முதலில் கன்னத்து மச்சம் போனது. அப்புறம் மூக்கின் ஓரம் போனது. தோடு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. டியூப் லைட்டுக்குப் பொட்டு வைத்த மாதிரி ஒரு அம்மா எங்களைப் பார்த்துக் கை கூப்பினார்.

சாயங்காலம் தெருமுனையில் கட்டினோம். மாமா தறியை விட்டு எழுந்து வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாருடா இது?"

"அக்கா, மாமா."

"அப்ப உள்ள தோசை சுடறது யாரு?"

4

ஓட்டு கேட்கப் போகும்போது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுப்பார்கள். தெரு தொடக்கத்திலேயே பெண்கள் தட்டும் மஞ்சள் தண்ணீருமாக நிற்பார்கள். வேட்பாளர் வந்ததும் மூன்று சுற்று சுற்றி நெற்றியில் பொட்டு வைப்பார்கள். அதில்தான் சிக்கிக்கொண்டோம்.

அக்காவை நேரில் அறியாத பக்கத்துத் தெருவில் ஆரம்பித்தோம்; எங்கள் தெருமுனை பேனர் அங்கேயும் தெரியும். முன்னால் அக்கா, பக்கத்தில் பத்மா, பின்னால் நோட்டீசோடு நான். பத்மா நல்ல சேப்பு. முதல் வீட்டுப் பெண்மணி தட்டை எடுத்துக்கொண்டு நேராக வந்தார், அக்காவைத் தாண்டினார், பத்மாவுக்கு மூன்று சுற்று சுற்றினார். பத்மா பயத்தில் அசையாமல் நின்றாள். சுற்றுகிற தட்டுக்கு முன்னால் எப்படி நகர்வது. கல்யாணத்துக்கு அப்புறம் அவளுக்கு யாரும் ஆரத்தி எடுத்ததில்லை.

"நேனு காதம்மா... நான் இல்லம்மா, இவங்க" என்று அக்காவைக் காட்டினாள்.

அந்த அம்மா அக்காவைப் பார்த்தார். தெருமுனை பேனரைப் பார்த்தார். "வெளையாடாதம்மா, கற்பூரம் அணையுது" என்று பத்மாவுக்கே பொட்டு வைத்தார்.

முதல் வீட்டில் சிரித்தோம். மூன்றாவது வீட்டிலும் அதே கதை. ஐந்தாவது வீட்டில் பத்மாவிடம் குடிநீர்க் குழாய் மனு கொடுத்தார்கள். ஏழாவது வீட்டில் அக்கா கையில் ஒரு சொம்பைக் கொடுத்து, "அம்மாவுக்கு மோர் குடும்மா, வெயில்ல வந்திருக்காங்க" என்றார்கள். அக்கா வாங்கி, மோரைப் பத்மாவிடம் நீட்டி, "குடிங்க கவுன்சிலரம்மா" என்றாள். பத்மா அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

எட்டாவது வீட்டில் ஒரு பெண் அக்காவையே தனியாக ஓரம் கட்டி, "அந்த சரசுன்னு நிக்கறவ நல்ல கருப்புன்னாங்களே, பரவால்லியே, நல்லாத்தான் இருக்கறா. நீ அவகிட்ட வேல செய்யறியா? சம்பளம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டாள்.

"வர்றதில்லம்மா. கருமி" என்றாள் அக்கா.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். திரும்பியபோது அக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் எதிர்ப்பக்கத்து ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. "போட்டோவுல ஒரு ஆளு, நேருல ஒரு ஆளு. சொந்த மூஞ்சியிலயே பொய் சொல்றவங்க கால்வா கட்டுவாங்களா? சிந்தித்துப் பாருங்கள் தாய்மார்களே." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அதில் நியாயம் இருந்ததுதான் கஷ்டம். கருப்பு என்பதற்காக ஓட்டு போட மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டவர்களுக்கு, பொய்க்காரி என்பதற்காகப் போட மாட்டேன் என்று சொல்ல நான் வழி செய்து கொடுத்திருந்தேன்.

அக்கா நேராக பேனர் கடைக்குக் கிளம்பினாள். தடுக்கப் பார்த்தேன். நடக்கவில்லை.

"ஏம்பா இம்ரானு, என் மூஞ்சிய இன்னா பண்ணி வெச்சிருக்கற?"

இம்ரான் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன்.

"நான் ஒண்ணுதான்கா சொன்னேன். அண்ணந்தான் மூணுன்னாரு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீயும் என்னாட்டமேதானடா இருக்கற?" என்றாள்.

  

5

ஓட்டுப் பதிவுக்கு இன்னும் ஐந்து நாள். புது பேனர் அடிக்கலாம் என்றேன். அக்கா வேண்டாம் என்றாள். "இப்ப மாத்தினா ரெண்டாவது பொய்யின்னுவானுங்க."

வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய், தெருமுனையில் தன் பேனருக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டாள். காலையில் பால் வாங்குகிற நேரம், சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். போகிற வருகிறவர்கள் மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள்.

"ஒத்துப் பாத்துக்குங்க" என்றாள் அக்கா. "மேல இருக்கறது என் தம்பியோட ஆசை. கீழ குந்திக்கினு இருக்கறது நானு. நீங்க மேல இருக்கறவளுக்கே போடுங்க. கால்வாய்க்குள்ள எறங்கப் போறது கீழ இருக்கறவதான்."

கூட்டம் கூடிவிட்டது. சிரித்தார்கள். என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "இதுதான் ஆசை வெச்சவன். சீமையில இருக்கறான். அங்க போயும் வெளுக்கல பாருங்க" என்றாள். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்திருக்க முடியாது. பள்ளிக்கூடப் பெண்கள் எல்லாம் பார்த்தார்கள்.

பால் பாக்கெட் போடுகிற அந்தப் பெண்ணும் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் மேலே கீழே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நானும் என் பொண்ணு போட்டோவ ஏத்தித்தான் மாப்பிள வூட்டுக்கு அனுப்பினேன் சரசு."

"அப்பறம்?"

"பாக்க வந்தவன் காப்பி குடுத்த பக்கத்து வூட்டுப் பொண்ண கேட்டுட்டுப் போனான்."

அன்றைக்குத் தெருவே சிரித்ததில், ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். ஆனால் சிரிக்க வைக்கிறவனுக்கு எல்லாரும் சிரிப்பார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். இது என் சொந்த அனுபவம். ஓட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அக்கா தோற்றாள். வித்தியாசம் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறுகிற ஆட்கள், கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தால். ஓட்டு எண்ணுகிற இடத்துக்கு வெளியே வேலியோரம் நின்றுகொண்டிருந்தோம். பத்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நான், "எல்லாம் இந்தக் கருப்பு சேப்பு பாக்கற ஜனங்களாலதான்" என்று ஆரம்பித்தேன்.

"அப்படி சொல்லாத" என்றாள் அக்கா. "நெறத்தாலதான் தோத்தேன்னு சொல்லாத. நெறத்தாலயும் தோத்தேன். உன் மூணு பாயிண்டாலயும் தோத்தேன். அந்தம்மா நல்லாவே வேல செஞ்சாங்க, அதாலயும் தோத்தேன். எல்லாத்தயும் ஒரே சாயத்துல முக்காத."

அந்த ஷேர் ஆட்டோவில் எத்தனை பேரை ஏற்றிவிட்டது என் மூன்று பாயிண்ட் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அதற்கு அடுத்த மழையிலும் தறிக்குழிக்குத் தண்ணீர் வந்தது.

6

இந்த வாரத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை ஊரின் மேட்டுப் பக்கம் பார்சல் கொடுக்கப் போனேன். பெரிய பெரிய தோட்ட வீடுகள், எல்லாம் வெள்ளைக்காரர்கள். ஒரு வாசலில் அதே நீலக் கோட்டு அம்மாவின் நோட்டீஸ் கிடந்தது. பெருமையாகக் குனிந்து எடுத்தேன். வீட்டுக்காரருக்கு என்னைக் காட்டலாம் என்று ஒரு அல்ப ஆசை.

அதே பூங்கா. அதே அம்மா. அதே நாய். அம்மாவின் தோள் பக்கத்தில் ஒரு ரோஜாச் செடி.

திருப்பிப் பார்த்தேன். வேறு பக்கத்தில் இருப்பேனோ என்று. இல்லை. என்னைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ரோஜாச் செடி நட்டிருந்தார்கள். நல்ல வேலைப்பாடு. இம்ரான் பார்த்தால் கும்பிடுவான். எங்கள் தெருவுக்கு ஆசியா, இந்தத் தெருவுக்குப் பூ. நாய் மட்டும் இரண்டு தெருவிலும் இருந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு, அப்புறம் வெட்கம். அந்த ஆட்களை என்ன சொல்ல. அவர்கள் ஜெயிப்பதற்காக ஒரு கருப்பை எடுத்தார்கள். நானும் அதற்காகத்தான் எடுத்தேன், அதுவும் என் கூடப் பிறந்தவள் முகத்திலிருந்து.

மத்தியானம் வண்டியில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டேன். ரோஜாச் செடியைச் சொன்னதும் அவளுக்கு மூச்சு முட்டுகிற அளவு சிரிப்பு. "முள்ளு இருக்குதாடா? அப்ப நீதான்" என்றாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"சரி, யாருக்குப் போடப் போற?"

"தெரியலக்கா. அந்தம்மாவுக்கு மனசு வரல. ஜோசப்புன்னு இன்னொருத்தர் நிக்கறாரு. நேத்து வூட்டுக்கு வந்தாரு. பஸ் ஓட்டறவரு. நம்மளவிடக் கருப்பு."

"அந்தாளு இன்னா செய்யறேன்னாரு?"

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

"வூட்டுக்கு வந்தாருன்னு சொன்னியே. வந்து இன்னா சொன்னாரு?"

"கேக்கலக்கா. மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தேன்."



"டேய். எலக்சன் அப்ப நான் எத்தினி வூடு ஏறி எறங்கினேன். திட்டினாங்க, ஆரத்தி எடுத்தாங்க, மோரு குடுத்தாங்க. ஒரே ஒருத்தரு, சைக்கிள் கடைக்காரரு, அவரு மட்டுந்தான் 'கால்வாய்க்கு தண்ணி ஓட வாட்டம் எந்தப் பக்கம்மா வெப்ப'ன்னு கேட்டாரு. அன்னைக்குத்தான்டா நான் எலக்சன்ல நிக்கறேன்னு எனக்கே தோணுச்சு. நீ போயி அந்தாளக் கேளு."

எங்கள் ஊரில் வேட்பாளர்தான் வாக்காளர் வீட்டுக்கு வருவார். வாக்காளர் போய்க் கதவைத் தட்டினால் கடன் கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். செவ்வாய் சாயங்காலம் நான் போய் ஜோசப் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் தாளிலேயே விலாசம் இருந்தது. இடுப்பில் சமையல் துணியோடு வந்து, என் பார்சல் கம்பெனிச் சட்டையைப் பார்த்து, பார்சலுக்குக் கையெழுத்துப் போடக் கையை நீட்டினார்.

பார்சல் இல்லை, கேள்வி என்றேன். ரயில் பாலத்துக்குக் கீழே மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது, என் வண்டி இரண்டு தடவை அங்கே நின்றுவிட்டது, நீங்கள் வந்தால் என்ன செய்வீர்கள். இதை என் ஆங்கிலத்தில் கேட்டு முடிக்க நேரமானது. பாதியைக் கையால் காட்டினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே வா என்று இழுத்துப் போய் உட்கார வைத்தார். அடுப்பில் எதுவோ தீய்ந்தது. போய் அணைத்துவிட்டு வந்து தொடர்ந்தார். அந்த வழியாகத்தான் பதினோரு வருஷமாக பஸ் ஓட்டுகிறாராம். ஒவ்வொரு மழைக்கும் பஸ்ஸை விட்டு இறங்கி, பாலத்துச் சுவரில் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்ததோ அங்கே சாக்பீசால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி, அதற்கு ஒரு போட்டோ. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். தண்ணீர் போகிற ஜல்லடை மூடியை மேடான பக்கம் வைத்துவிட்டார்கள், பள்ளம் எதிர்ப்பக்கம் இருக்கிறது என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். முக்கால் மணி நேரம். எனக்குப் பாதி புரிந்தது. கடைசியில் என் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். இந்தத் தேர்தலில் அவரிடம் இதைக் கேட்டவன் நான் ஒருத்தன்தானாம்.

நியாயமாக இருக்க வேண்டும் என்று நீலக் கோட்டு அம்மாவின் ஆபீசுக்கும் போய் அதையே கேட்டேன். அம்மா இல்லை. இருந்த ஆள் நல்ல மரியாதையாக, எழுதி அனுப்புங்கள் என்று ஒரு நோட்டீஸ் கொடுத்தார். நான் இருக்கிற நோட்டீஸ்தான். படத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

இன்று வியாழக்கிழமை, காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஓட்டுப் போட்டேன். இங்கே பிடித்தவர் பேருக்கு நேரே பென்சிலால் பெருக்கல் குறி போட வேண்டும். என் பரீட்சைத் தாள் முழுக்க வாத்தியார் போட்ட குறி. அதை என் கையாலேயே ஜோசப்புக்குப் போடும்போது பாவமாகத்தான் இருந்தது.

அவர் ஜெயிப்பாரா என்று தெரியாது. இங்கே எங்கள் தெருக்காரர்களைக் கேட்டால், "நல்ல மனுஷன்தான், ஆனா..." என்று நிறுத்துகிறார்கள். அந்த ஆனாவுக்கு அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியும். நானும் ஞாயிற்றுக்கிழமை வரை அங்கேதான் குடியிருந்தேன்.

வெளியே வந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, ஜோசப்பிடம் பாலத்துத் தண்ணீரைப் பற்றிக் கேட்டதையும் ஓட்டுப் போட்டதையும் சொன்னேன். யாருக்குப் போட்டேன் என்பதை அவள் கேட்கவே இல்லை.

"வாட்டத்தப் பத்தி இன்னா சொன்னாரு?"

சொன்னேன். சுவர், சாக்பீஸ் கோடு, தேதி, போட்டோ, நோட்டு.

"ஒவ்வொரு மழைக்குமா?"

"ஒவ்வொரு மழைக்கும்."

"நம்ம பக்கம் தெருவோரமா எல்லார் வூட்டு செவுத்துலயும் கோடு போடலாமில்ல? பத்மா வூட்டுலேந்து கோயில் மொனை வரைக்கும்?"

"போடலாம்க்கா."

தறி நின்றது. குழியிலிருந்து கால் எடுக்கிற சத்தம் கேட்டது.

"இரு, வெச்சிடாத. பேனா எடுத்துக்கினு வரேன். மொதல்லேந்து சொல்லு."